ஆயிரம் சாக்கெட்டைத் தாண்டும்போது: செலக்ட், போல், ஈபோல் வரம்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே புரோகிராம் ஆயிரக்கணக்கான நெட்வொர்க் இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும்போது எங்கே முட்டிக்கொள்கிறது, எந்த வரம்பை உயர்த்தலாம், எதை உயர்த்தினால் ஆபத்து என்பது பற்றிய கேள்விகள் இவை. செலக்ட், போல், ஈபோல் மூன்றும் எந்தச் சாக்கெட்டில் தரவு வந்திருக்கிறது என்று கெர்னலிடம் கேட்கும் அழைப்புகள். பதில்கள் பெரும்பாலும் லினக்ஸை மனதில் வைத்து எழுதப்பட்டவை. விண்டோஸும் மேக்கும் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறித்திருக்கிறேன். படிப்பவருக்கு சாக்கெட், திரெட், கெர்னல் என்றால் என்னவென்று தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் சர்வர் நன்றாக ஓடுகிறது. இணைப்புகள் ஆயிரத்தை நெருங்கியதும் விழுந்துவிடுகிறது. ஏன் சரியாக அந்த இடத்தில்?

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும் இரண்டு வரம்புகள் அங்கே இருக்கின்றன, இரண்டுக்கும் மதிப்பு 1024.

முதலாவது, ஒரு பிராசஸ் ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல் டிஸ்கிரிப்டர்களை (திறந்த ஒவ்வொன்றுக்கும் கெர்னல் கொடுக்கும் எண்) திறந்து வைத்திருக்கலாம் என்ற வரம்பு. 'யூலிமிட் -என்' என்று டைப் செய்தால் தெரிவது இதுதான். லினக்ஸில் சாக்கெட்டும் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர்தான் என்பதால் சாக்கெட்டுகளும் இந்தக் கணக்கில் சேரும். இரண்டாவது, செலக்ட் என்ற சிஸ்டம் காலோடு வரும் 'எஃப்டி_செட்சைஸ்' என்ற மாறிலி. அது சி நூலகத்தின் ஹெடர் ஃபைலிலேயே எழுதப்பட்டுவிட்டது.

எதில் முட்டினீர்கள் என்பதை அறிகுறியே காட்டிக்கொடுக்கும். முதல் வரம்பு என்றால் அக்செப்ட் அல்லது சாக்கெட் அழைப்பு 'ஈஎம்ஃபைல்' என்ற பிழையோடு திரும்பும். லாகில் 'டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்' என்று தெளிவாக இருக்கும். இரண்டாவது என்றால் அப்படி நேர்மையான பிழை எதுவும் வராமல் போகலாம். புரோகிராம் சம்பந்தமில்லாத இடத்தில் கிராஷ் ஆகும், அல்லது ஒரு மாறியின் மதிப்பு தானாக மாறிவிடும். இந்த இரண்டாவதுதான் உண்மையான எதிரி.

செலக்டின் 1024 என்பது எத்தனை சாக்கெட்டைக் கவனிக்கலாம் என்ற எண்ணிக்கைதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

செலக்டுக்கு நீங்கள் கொடுப்பது ஒரு பிட் வரிசை. 1024 பிட், அதாவது 128 பைட். ஏழாம் எண் கொண்ட டிஸ்கிரிப்டரைக் கவனிக்க வேண்டுமானால் ஏழாம் பிட்டை 1 ஆக்குகிறீர்கள். ஆகவே வரம்பு என்பது எத்தனை பிட்டை ஏற்றுகிறீர்கள் என்பதில் இல்லை, டிஸ்கிரிப்டரின் எண் என்ன என்பதில் இருக்கிறது. எண் 0 முதல் 1023 வரை இருந்தால் சரி. 1024 வந்தால் அதற்கு அந்த வரிசையில் இடமே கிடையாது.

யூனிக்ஸ் எப்போதும் காலியாக உள்ள மிகச் சிறிய எண்ணைத்தான் புதிய டிஸ்கிரிப்டருக்குக் கொடுக்கும். அதனால் சிறிய புரோகிராம்களில் எண்ணிக்கையும் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே நகரும், வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1,100 ஃபைல்களைத் திறந்து வைத்திருக்கும் ஒரு டேட்டாபேஸ் புரோகிராமை நினைத்துப் பாருங்கள். அதற்குள் ஏதோ ஒரு நூலகம் ஒரே ஒரு சாக்கெட்டைத் திறக்கிறது, அதற்கு 1103 என்று எண் கிடைக்கிறது. அந்த ஒற்றைச் சாக்கெட்டை செலக்ட் மூலம் ஐந்து விநாடி காத்திருந்து படிக்க முயல்கிறது. கவனிப்பது ஒரே சாக்கெட், ஆனாலும் உடைந்துவிடும். 'நாங்கள் நாலைந்து சாக்கெட்தான் வைத்திருக்கிறோம், செலக்ட் போதும்' என்ற வாதம் அதனால்தான் நிற்பதில்லை. உங்கள் நிரல் எந்தப் பிராசஸுக்குள் ஓடப்போகிறது என்பது உங்கள் கையில் இல்லாதபோது இன்னும் நிற்காது.

1023-ஐத் தாண்டிய எண்ணைக் கொடுத்தால் என்னதான் நடக்கும்?

சி மொழியில் பிட்டை ஏற்றும் மேக்ரோ எந்த எல்லையையும் சோதிப்பதில்லை. 1103-ஆம் பிட் இருக்க வேண்டிய இடத்தைக் கணக்குப் போட்டு, அங்கே எழுதிவிடும். அந்த இடம் உங்கள் 128 பைட்டுக்கு வெளியே இருக்கிறது. பிட் வரிசை ஸ்டாக்கில் இருந்தால் பக்கத்து மாறியில் ஒரு பிட் மாறும், அல்லது ஃபங்ஷன் திரும்பிச் செல்ல வேண்டிய முகவரியே சிதையும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை இதன் விளைவை வரையறுக்கவில்லை. பிழைக் குறியீடு திரும்ப வேண்டும் என்ற உத்தரவாதமும் இல்லை.

கம்பைல் செய்யும்போது 'ஃபோர்ட்டிஃபை சோர்ஸ்' பாதுகாப்பை இயக்கியிருந்தால் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி இதைப் பிடித்து, 'பஃபர் ஓவர்ஃப்ளோ டிடெக்டட்' என்று சொல்லி புரோகிராமை அங்கேயே நிறுத்திவிடும். பலர் இதைப் பார்த்து எரிச்சலடைகிறார்கள். நான் அதை நல்வாய்ப்பாகவே கருதுகிறேன். நிற்காமல் ஓடியிருந்தால் சிதைந்த நினைவகத்தோடு ஓடியிருக்கும். வெளியிலிருந்து நிறைய இணைப்புகளைத் திறந்தே ஒருவர் அந்தச் சிதைவை வரவழைக்கலாம். அப்படிப் பார்த்தால் இது பாதுகாப்புக் குறைபாடும்கூட.

பைத்தான் நிரலர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. அங்கே செலக்ட் தொகுதி எண்ணைச் சோதித்து, வரம்பைத் தாண்டினால் 'வேல்யூஎரர்' எழுப்பும்.

எஃப்டி_செட்சைஸை 65,536 என்று மாற்றி மறுபடி கம்பைல் செய்தால் போதாதா?

லினக்ஸில் ஜிலிப்சியோடு இது வேலை செய்யாது. அந்த அளவு ஹெடரில் நிலையாக இருக்கிறது. நீங்கள் முன்கூட்டி வேறு மதிப்பு கொடுத்தாலும் அது கண்டுகொள்ளாது. பிஎஸ்டி குடும்பத்தில் ஹெடரைச் சேர்க்கும் முன் மதிப்பை வரையறுத்தால் ஏற்றுக்கொள்ளும்.

சுவாரசியமான விஷயம், லினக்ஸ் கெர்னலுக்குள் இந்த 1024 வரம்பே கிடையாது. போதிய நினைவகத்தை நீங்களே ஒதுக்கி, பிட்டுகளை நீங்களே கையால் ஏற்றி, சிஸ்டம் காலுக்குக் கொடுத்தால் கெர்னல் ஏற்றுக்கொள்ளும். சில பழைய புரோகிராம்கள் இந்த உத்தியோடு ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் புதிதாக எழுதுபவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். உங்கள் நிரலை நீங்கள் சரிசெய்தாலும், நீங்கள் இணைத்திருக்கும் பழைய நூலகம் ஏதாவது 128 பைட் அளவையே நம்பிக்கொண்டிருக்கும்.

விண்டோஸில் வரம்பு 64 என்கிறார்களே?

விண்டோஸில் அதே பெயர், உள்ளே வேறு அமைப்பு. அங்கே அது பிட் வரிசை அல்ல, சாக்கெட் மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல். தொடக்கத்தில் அதில் 64 இடம். ஆகவே விண்டோஸில் மட்டும் இது உண்மையிலேயே எண்ணிக்கை வரம்பு. சாக்கெட்டின் மதிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கவலையில்லை. வின்சாக் ஹெடரைச் சேர்க்கும் முன் மதிப்பை மாற்றினால் பட்டியலும் பெரிதாகும். பட்டியல் நிரம்பியபின் அடுத்த சாக்கெட்டைச் சேர்த்தால் மேக்ரோ சத்தமில்லாமல் விட்டுவிடும். நினைவகம் சிதையாது, ஆனால் அந்த 65-ஆவது இணைப்பு ஏன் பதிலே தருவதில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

'வெயிட் ஃபார் மல்டிபிள் ஆப்ஜெக்ட்ஸ்' அழைப்புக்கும் 64 என்ற வரம்பு உண்டு. அது தனி விஷயம், அதை மாற்ற முடியாது. விண்டோஸில் நிறைய இணைப்புகள் வேண்டுமென்றால் 1994-இல் என்டி 3.5-இலிருந்தே இருக்கும் ஐஓ கம்ப்ளீஷன் போர்ட்தான் வழி. விஸ்டாவில் வந்த டபிள்யூஎஸ்ஏ-போல் என்ற அழைப்பு எளிமையானது, ஆனால் தோற்றுப்போன கனெக்டை அது நீண்ட காலம் தெரிவிக்காமலேயே இருந்தது. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பில்தான் சரிசெய்தார்கள்.

'போல்' அழைப்புக்கு மாறினால் பிரச்சினை தீர்ந்ததா?

1024 என்ற சுவர் போய்விடும். இங்கே பிட் வரிசை கிடையாது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் 8 பைட் கொண்ட சிறு பதிவை நிரப்பி, அவற்றின் வரிசையைக் கொடுக்கிறீர்கள். எண் 5 ஆனாலும் 50,000 ஆனாலும் அதே 8 பைட். செலக்டிலிருந்து மாறுவதும் எளிது, ஒரு மாலை வேலை.

செலவு மட்டும் அப்படியே இருக்கும். 10,000 சாக்கெட் என்றால் ஒவ்வொரு அழைப்பிலும் 80,000 பைட் கெர்னலுக்குள் நகலாகும், கெர்னல் 10,000 சாக்கெட்டையும் ஒவ்வொன்றாக விசாரிக்கும், திரும்பி வந்ததும் எதில் தரவு வந்தது என்று நீங்கள் மறுபடி பட்டியலைத் தேடுவீர்கள். மூன்றே மூன்று சாக்கெட்டில் மட்டும் தரவு வந்திருந்தாலும் இவ்வளவும் நடக்கும். சாட் சர்வர் போன்றவற்றில் பெரும்பாலான இணைப்புகள் சும்மாதான் கிடக்கும். சிபியு நேரம் முழுவதும் அந்தச் சும்மா கிடப்பவற்றை விசாரிப்பதிலேயே போய்விடும்.

இருந்தாலும் இந்த அழைப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். சில நூறு சாக்கெட் வரை இது தாராளமாகப் போதும், எல்லா யூனிக்ஸிலும் ஓடும், நிரல் சுருக்கமாக இருக்கும். ஒரே ஒரு சாக்கெட்டை நேர வரம்போடு காத்திருக்க வேண்டுமானால் செலக்டுக்குப் பதில் எப்போதும் இதையே எழுதுங்கள். செலக்டை நீக்கும் வேலையில் பாதி அத்தோடு முடிந்துவிடும்.

ஈபோல் எந்த வகையில் வேறு?

செலக்டும் 'போல்' அழைப்பும் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் புதிதாகக் கேட்கின்றன. ஈபோலில் ஒரு சாக்கெட்டை ஒருமுறை பதிவுசெய்தால் போதும், கெர்னல் நினைவில் வைத்துக்கொள்ளும். பதிவான சாக்கெட்டுகள் ஒரு சிவப்பு-கருப்பு மரத்தில் இருக்கும். ஒரு சாக்கெட்டுக்குப் பாக்கெட் வந்ததும் கெர்னல் அதைத் தயார்ப் பட்டியலில் சேர்த்துவிடும். நீங்கள் கேட்கும்போது அந்தத் தயார்ப் பட்டியல் மட்டும் கைக்கு வரும். ஆகவே செலவு மொத்த இணைப்புகளைப் பொறுத்ததல்ல, அந்த நொடியில் எத்தனை இணைப்பு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்த எண்ணம் ஒரே நாளில் வந்ததில்லை. செலக்ட் 1983-இல் 4.2பிஎஸ்டியோடு வந்தது, ஒரு பிராசஸுக்குச் சில டஜன் டிஸ்கிரிப்டர்கள் போதும் என்றிருந்த காலம் அது. 1999-இல் டேன் கெகல், ஒரே கணினி பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்க வேண்டும் என்ற சவாலை 'சி10கே' என்று பெயரிட்டு எழுதினார். 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி 4.1-இல் ஜோனதன் லெமன் எழுதிய, இதே வேலையைச் செய்யும் கேக்யூ வந்தது. 2002-இல் டாவிடே லிபென்சியின் ஈபோல் லினக்ஸின் 2.5 வளர்ச்சிக் கிளையில் சேர்ந்தது. கேக்யூதான் வடிவமைப்பில் அழகானது என்பது என் கருத்து: டைமர், சிக்னல், ஃபைல் மாற்றம் எல்லாம் ஒரே வாசலில் வருகின்றன. லினக்ஸில் அதற்கெல்லாம் டைமர்எஃப்டி, சிக்னல்எஃப்டி என்று தனித்தனியாகப் பின்னால் சேர்க்க வேண்டியிருந்தது.

அப்படியென்றால் ஈபோலுக்கு வரம்பே இல்லையா?

உண்டு, ஆனால் எளிதில் தொட மாட்டீர்கள். ஒரு பயனர் கணக்கு மொத்தம் எத்தனை சாக்கெட்டை ஈபோலில் பதிவுசெய்யலாம் என்பதை 'மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்' என்ற கெர்னல் அமைப்பு தீர்மானிக்கிறது. 64 பிட் கணினியில் ஒரு பதிவுக்குச் சுமார் 160 பைட் ஆகும். கெர்னல் பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு வரை இதற்கு ஒதுக்குவது தொடக்க நிலை. பத்து லட்சம் பதிவு என்றால் 160 எம்பி. முட்டினால் 'ஈஎன்ஓஎஸ்பிசி' பிழை வரும். வட்டில் இடமில்லை என்று அர்த்தம் தரும் பிழை அது. யாரும் உடனே ஈபோலைச் சந்தேகிக்க மாட்டார்கள் என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஈபோல்_வெயிட் அழைப்பில் கொடுக்கும் 'மேக்ஸ்ஈவென்ட்ஸ்' எண்ணை வரம்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஒரு தடவையில் எத்தனை நிகழ்வை அள்ளிக்கொள்ளலாம் என்பது மட்டுமே. 64 என்று வைத்தாலும் ஒரு லட்சம் சாக்கெட்டைக் கவனிக்கலாம். மீதி நிகழ்வுகள் அடுத்த அழைப்பில் வரும்.

சாதாரண டிஸ்க் ஃபைலை ஈபோலில் சேர்க்கலாமா?

முடியாது, 'ஈபெர்ம்' பிழை வரும். செலக்டும் 'போல்' அழைப்பும் ஏற்றுக்கொண்டு 'எப்போதும் தயார்' என்று சொல்லும், அதனால் உபயோகமில்லை. ஃபைல் வேலைக்குத் தனி திரெட்கள் வைப்பதே பழக்கம்.

யூலிமிட்டை எவ்வளவு உயர்த்தலாம்?

இங்கே இரண்டு எண்கள் உண்டு. சாஃப்ட் வரம்பு என்பது இப்போது நடைமுறையில் இருப்பது. ஹார்டு வரம்பு என்பது சாதாரண பிராசஸ் தானாகவே எதுவரை உயர்த்திக்கொள்ளலாம் என்பது. ஹார்டு வரம்புக்கும் மேலே 'என்ஆர்_ஓபன்' என்ற கெர்னல் அமைப்பு கூரையாக நிற்கிறது, தொடக்க மதிப்பு 10,48,576. கணினி முழுவதற்குமான கணக்கு 'ஃபைல்-மேக்ஸ்'. அதில் முட்டினால் 'ஈஎம்ஃபைல்' அல்ல, 'ஈஎன்ஃபைல்' வரும்.

லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டியின் 240-ஆம் பதிப்பு 2018-இல் ஹார்டு வரம்பை 5,24,288-க்கு உயர்த்தியது. சாஃப்ட் வரம்பை மட்டும் 1024-லேயே விட்டுவைத்தது. அது மறதியால் நடந்ததல்ல. செலக்ட் பயன்படுத்தும் பழைய புரோகிராம்கள் ஏராளம். அவற்றுக்கு 1024-க்கு மேல் எண் கிடைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. முதல் கேள்வியில் இரண்டு வரம்புகளும் தொடர்பில்லாதவை போலத் தெரியும் என்றேன். உண்மையில் முதல் வரம்புதான் இரண்டாவதின் பள்ளத்தில் யாரும் விழாமல் காக்கிறது. சாஃப்ட் வரம்பைக் கணினி முழுவதற்கும் ஒரேயடியாக லட்சமாக்கும்போது அந்தக் காவலைத்தான் எடுக்கிறீர்கள்.

ஆகவே என் பரிந்துரை: கணினி அளவில் சாஃப்ட் வரம்பைத் தொடாதீர்கள். உங்கள் புரோகிராம் தொடங்கும்போது 'செட்ஆர்லிமிட்' மூலம் தன் சாஃப்ட் வரம்பைத் தானே ஹார்டு வரம்புவரை உயர்த்திக்கொள்ளட்டும். அப்படிச் செய்வது 'என்னுள் செலக்ட் இல்லை' என்று அது உறுதிமொழி கொடுப்பதற்குச் சமம். வேறு புரோகிராமைக் கிளப்பும் முன் பழைய மதிப்புக்கே இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் வரம்பு பிள்ளை பிராசஸுக்கும் போகும். கோ மொழியின் ரன்டைம் 1.19 பதிப்பிலிருந்து இந்த உயர்த்தலைத் தானாகவே செய்கிறது. மேக்கில் சாஃப்ட் வரம்பு வழக்கமாக 256 மட்டுமே, அங்கே இது இன்னும் அவசியம்.

'இன்ஃபினிட்டி' என்று வைப்பதும் வேண்டாம். சில பழைய டீமன்கள் (பின்னணியில் ஓடும் புரோகிராம்கள்) தொடங்கும்போது 3 முதல் வரம்புவரை எல்லா எண்களையும் ஒவ்வொன்றாக மூட முயலும். வரம்பு 1024 என்றால் அது கண்சிமிட்டும் நேரம். நூறு கோடி என்றால் சிபியுவை முழுதாக விழுங்கிக்கொண்டு பல நிமிடம் நிற்கும். லினக்ஸ் 5.9-இல் வந்த 'க்ளோஸ்_ரேஞ்ச்' இதை ஒரே அழைப்பில் முடிக்கிறது, ஆனால் எல்லாப் புரோகிராமும் அதற்கு மாறிவிடவில்லை.

டெர்மினலில் யூலிமிட்டை உயர்த்தினேன். சர்வீஸ் இன்னும் பழைய வரம்பிலேயே ஓடுகிறதே?

ஷெல்லில் மாற்றியது அந்த ஷெல்லுக்கும் அதிலிருந்து கிளம்பும் பிராசஸ்களுக்கும் மட்டும்தான். சிஸ்டம்டி கிளப்பும் சர்வீஸுக்கு அதன் யூனிட் ஃபைலில் 'லிமிட்நோஃபைல்' வரியைச் சேர்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸின் உண்மையான வரம்பு என்னவென்று அறிய, ப்ராக் அடைவில் அந்தப் பிராசஸ் எண்ணுக்குக் கீழே இருக்கும் 'லிமிட்ஸ்' ஃபைலைத் திறந்து பாருங்கள். வேறு எந்த இடத்தில் தெரியும் எண்ணையும் நம்ப வேண்டாம்.

வரம்பில் முட்டியதும் சர்வர் புதிய இணைப்பை ஏற்காமல் இருந்தால் பரவாயில்லை. ஆனால் சிபியு ஏன் 100 சதவீதத்துக்கு ஏறுகிறது?

புதிய இணைப்பு கெர்னலின் வரிசையில் காத்திருக்கிறது. ஈபோல் 'லிசன் சாக்கெட் தயார்' என்கிறது. நீங்கள் அக்செப்ட் செய்கிறீர்கள், டிஸ்கிரிப்டர் இல்லாததால் 'ஈஎம்ஃபைல்' வருகிறது. இணைப்பு வரிசையிலிருந்து நீங்கவில்லை, ஆகவே ஈபோல் உடனே மறுபடி 'தயார்' என்கிறது. நொடிக்குப் பல்லாயிரம் முறை இந்தச் சுழற்சி ஓடும். ஒவ்வொரு முறையும் லாகில் ஒரு வரி எழுதினால் டிஸ்கும் நிரம்பும், அடுத்து வேறு சர்வீஸ்களும் சாகும்.

பழைய உத்தி ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே எப்போதும் காலியாக இருக்கும் டெவ்-நல் ஃபைலைத் திறந்து ஒரு டிஸ்கிரிப்டரைச் சேமிப்பில் வைப்பது. முட்டியதும் அதை மூடி, கிடைத்த இடத்தில் காத்திருக்கும் இணைப்பை ஏற்று உடனே மூடி, பிறகு சேமிப்பை மறுபடி திறந்துகொள்வது. க்ளையன்டுக்கு உடனே பதில் தெரிந்துவிடும் என்பது இதன் நன்மை. பல திரெட் இருந்தால், மூடிய இடத்தை வேறு திரெட் பறித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

அதைவிட, வரம்புக்குச் சில நூறு முன்பே நிறுத்திக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. இப்போது எத்தனை இணைப்பு என்று புரோகிராமே எண்ணிக்கொண்டு, உச்சத்தைத் தொட்டதும் லிசன் சாக்கெட்டை ஈபோலிலிருந்து தற்காலிகமாக எடுத்துவிடட்டும்; இணைப்புகள் குறைந்ததும் திரும்பச் சேர்க்கட்டும். மீதமிருக்கும் சில நூறு டிஸ்கிரிப்டர்கள் லாக் ஃபைலுக்கும், டேட்டாபேஸ் இணைப்புக்கும், டிஎன்எஸ் விசாரணைக்கும் வேண்டும். அவை கிடைக்காமல்தான் பல சர்வர்கள் புரியாத விதமாகத் தடுமாறுகின்றன.

எட்ஜ் ட்ரிக்கரா, லெவல் ட்ரிக்கரா?

இவை ஈபோல் செய்தி சொல்லும் இரண்டு முறைகள். லெவல் என்றால் படிக்கத் தரவு இருக்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும். எட்ஜ் என்றால் புதிதாக வந்தபோது மட்டும் சொல்லும். நீங்கள் 'இப்போது தரவு இல்லை' என்று பொருள்படும் 'ஈஅகெய்ன்' வரும்வரை படித்துத் தீர்க்க வேண்டும். பாதி படித்துவிட்டு விட்டால், மிச்சத் தரவு கெர்னலிலேயே கிடக்கும், அந்த இணைப்பு உறைந்துபோகும். எட்ஜ் சிஸ்டம் கால்களை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் முதலில் லெவலில் எழுதி, அளந்து பார்த்து, தேவை என்று தெரிந்தபின் மாறுங்கள். எதுவானாலும் சாக்கெட் நான்-பிளாக்கிங் நிலையில் (தரவு இல்லாவிட்டால் காத்திராமல் உடனே திரும்பும் நிலை) இருக்க வேண்டும். செலக்ட் 'தயார்' என்று சொன்ன பின்னும் ரீட் அழைப்பு நின்றுவிடக்கூடும் என்று லினக்ஸ் கையேடே எச்சரிக்கிறது.

சாக்கெட்டை மூடிவிட்டேன். ஆனாலும் அதற்கான நிகழ்வு வருகிறதே?

இரண்டு காரணம் இருக்கலாம். ஈபோல் பதிவுசெய்வது எண்ணை மட்டுமல்ல, அதற்குப் பின்னால் கெர்னலில் இருக்கும் திறந்த ஃபைல் அமைப்பையும் சேர்த்துத்தான். 'டூப்' அல்லது 'ஃபோர்க்' வழியாக அதற்கு இன்னொரு கைப்பிடி இருந்தால், நீங்கள் மூடிய பின்னும் பதிவு உயிரோடு இருக்கும். எண்ணை மூடிவிட்டதால் பதிவை நீக்கவும் முடியாமல் போகும். மூடும் முன் ஈபோலிலிருந்து எடுத்துவிடுவது நல்ல பழக்கம்.

மற்றது ஒரே தொகுப்புக்குள் நடப்பது. ஒரு தடவை 50 நிகழ்வுகளை அள்ளினீர்கள், 3-ஆவதைக் கையாளும்போது 20-ஆவதற்குரிய இணைப்பை மூடி அதன் நினைவகத்தையும் விடுவித்துவிட்டீர்கள். 20-ஆவதுக்கு வரும்போது கையில் இருப்பது செத்த பாயின்டர். மூடியவற்றின் நினைவகத்தைத் தொகுப்பு முடியும்வரை விடுவிக்காமல் வைத்திருந்தால் போதும்.

போர்ட் 65,535தான் இருக்கிறது. அதற்கு மேல் எப்படி இணைப்பு வரும்?

சர்வர் பக்கம் இந்தக் கவலை தேவையில்லை. ஓர் இணைப்பை அடையாளம் காட்டுவது இரு பக்க முகவரியும் இரு பக்கப் போர்ட்டும் சேர்ந்த நான்கு மதிப்புகள். சர்வர் ஒரே 443-ஆம் போர்ட்டில் லட்சக்கணக்கான க்ளையன்ட்களை வைத்திருக்கலாம். 2012-இல் வாட்ஸ்அப், ஃப்ரீபிஎஸ்டியும் எர்லாங்கும் கொண்டு ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாண்டியதை வெளியிட்டது.

வெளியே இணைப்பு எடுக்கும் பக்கம்தான் நெருக்கடி. ப்ராக்ஸி ஒன்று ஒரே ஐபியிலிருந்து ஒரே பின்தள சர்வரின் ஒரே போர்ட்டுக்குத்தான் பேசுகிறது என்றால், மாறக்கூடியது தன் போர்ட் எண் மட்டுமே. லினக்ஸின் தொடக்க நிலை 32768 முதல் 60999 வரை, ஆக 28,232 இணைப்பு. மூடியதும் 60 விநாடி 'டைம்-வெயிட்' நிலையில் போர்ட் பிடிபட்டிருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இணைப்புகளை மூடாமல் மறுபடி பயன்படுத்துவதும், பின்தளத்துக்குக் கூடுதல் ஐபி கொடுப்பதும்தான் வழி.

லோட் டெஸ்ட் செய்பவர்கள் அடிக்கடி ஏமாறுவதும் இங்கேதான். சர்வர் 28,000-இல் நின்றுவிட்டது என்று எழுதுவார்கள். நின்றது சோதனை செய்த கணினி.

நினைவகம் எவ்வளவு பிடிக்கும்?

பெரும்பாலும் ஈபோலுக்கு அல்ல, உங்கள் பஃபர்களுக்குத்தான் பிடிக்கும். இணைப்பு ஒன்றுக்கு 16 கேபி ரீட் பஃபரை நிரந்தரமாக ஒதுக்கினால், ஒரு லட்சம் இணைப்புக்கு 1.6 ஜிபி, அதுவும் எல்லோரும் சும்மா இருக்கும்போதே. தரவு வரும்போது மட்டும் ஒரு பொதுக் குவியலிலிருந்து பஃபரை எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். டிஎல்எஸ் இருந்தால் அதன் நிலைத் தகவலுக்கும் இணைப்புக்கு இணைப்பு இடம் வேண்டும். கெர்னல் தன் டிசிபி பஃபர்களைத் தேவைக்கேற்பத்தான் வளர்க்கும். மெதுவாகப் படிக்கும் க்ளையன்ட்கள் நிறைய இருந்தால் அவையும் வீங்கும்.

பல திரெட் அல்லது பல பிராசஸ் வைத்து ஒரே லிசன் சாக்கெட்டைக் கவனிக்கலாமா?

கவனிக்கலாம். ஆனால் ஓர் இணைப்பு வந்ததும் எல்லோரும் விழித்து, ஒருவருக்கு மட்டும் கிடைத்து, மற்றவர்கள் வீணாகத் திரும்பித் தூங்குவார்கள். லினக்ஸ் 4.5-இல் வந்த 'ஈபோல்எக்ஸ்க்ளூசிவ்' கொடி இதைக் குறைக்கிறது. 3.9-இல் வந்த 'ரீயூஸ்போர்ட்' ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி வரிசை கொடுக்கிறது.

இதோடு தொடர்புடைய இன்னொன்று: ஏற்கப்படாமல் காத்திருக்கும் இணைப்புகளின் வரிசைக்கும் வரம்பு உண்டு. 'சோமேக்ஸ்கான்' என்ற அந்த மதிப்பு லினக்ஸ் 5.4-க்கு முன்பு 128 ஆக இருந்தது, 5.4-இலிருந்து 4096 ஆனது. லிசன் அழைப்பில் நீங்கள் எவ்வளவு பெரிய எண் கொடுத்தாலும் இதைத் தாண்டாது.

ஐஓ_யூரிங் வந்துவிட்டதே, ஈபோலைக் கற்பது வீணா?

வீணில்லை. 2019-இல் லினக்ஸ் 5.1-இல் யென்ஸ் ஆக்ஸ்போவின் ஐஓ_யூரிங் சேர்ந்தது. ஈபோல் 'இப்போது படிக்கலாம்' என்று சொல்லும். இது 'படித்து முடித்துவிட்டேன்' என்று சொல்லும். டிஸ்க் ஃபைலுக்கும் வேலை செய்கிறது என்பது பெரிய பலம். ஆனால் கண்டெய்னர் சூழல்கள் சிலவற்றில் பாதுகாப்புக் காரணத்துக்காக இதை முடக்கி வைத்திருப்பார்கள், ஆகவே ஈபோல் வழியும் கையில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நானே எழுத வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். லிப்யூவி, லிப்ஈவென்ட் போன்ற நூலகங்கள் அந்தந்த இயங்குதளத்துக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளும். பைத்தானில் 3.4-இலிருந்து 'செலக்டர்ஸ்' தொகுதி இருக்கிறது. அதன் டிஃபால்ட் செலக்டர் லினக்ஸில் ஈபோலையும் மேக்கில் கேக்யூவையும் எடுத்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் வெப் சர்வரைப் பயன்படுத்தினால் 'வொர்க்கர்_கனெக்ஷன்ஸ்' மதிப்பை மட்டும் உயர்த்தி நிறுத்திவிடாதீர்கள். ப்ராக்ஸி வேலையில் ஒரு க்ளையன்டுக்கு இரண்டு டிஸ்கிரிப்டர் போகும், ஆகவே 'வொர்க்கர்_ஆர்லிமிட்_நோஃபைல்' அதற்கேற்ப இருக்க வேண்டும். லிப்கர்லின் பழைய 'மல்டி_எஃப்டிசெட்' வழி செலக்டை நம்புவது; 7.66.0-இல் வந்த 'மல்டி_போல்' அழைப்புக்கு மாறிவிடுங்கள்.

என் புரோகிராமுக்குள் எங்காவது செலக்ட் ஒளிந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சொந்த நிரலில் தேடுவது எளிது. நூலகங்களில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். சோதனைச் சூழலில் யூலிமிட்டை 4096 ஆக்குங்கள். புரோகிராம் தொடங்கியதும், வேறு எதுவும் திறக்கும் முன், டெவ்-நல் ஃபைலை 2,000 முறை திறந்து மூடாமல் விடுங்கள். அதன்பிறகு திறக்கும் ஒவ்வொரு சாக்கெட்டும் 2,000-க்கு மேற்பட்ட எண்ணையே பெறும். இப்போது வழக்கமான சோதனைகள் அனைத்தையும் ஃபோர்ட்டிஃபை பாதுகாப்போடு ஓட்டுங்கள். சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸ் கருவியில் செலக்ட், பிசெலக்ட்6 ஆகிய அழைப்புகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். டிஎன்எஸ் தேடும் நூலகம், பழைய டேட்டாபேஸ் டிரைவர், எஸ்என்எம்பி நூலகம் என்று எதிர்பாராத இடத்திலிருந்து ஒன்று தலைகாட்டினால், அதை 'போல்' அழைப்புக்கு மாற்றும் வரை அல்லது தனிப் பிராசஸாகப் பிரிக்கும் வரை உற்பத்திச் சர்வரின் சாஃப்ட் வரம்பை 1024-லேயே வைத்திருங்கள்.